உதடு மூடும் இடம்

அக்டோபர் 4, சனி

ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கிறேன் என்று இவர் ஸ்கிரீன் மேலேயே சந்தனத்தைத் தீற்றிவிட்டார். நடுவில் ஒரு மங்கல். ஈரத்துணி, காய்ந்த துணி, கண்ணாடி துடைக்கும் நீலத் தண்ணீர் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று, போகவில்லை. கேட்டால் ஓரத்தில்தான் வைத்தேன் என்கிறார். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் எது கெட்டாலும் இவர் ஓரத்தில்தான் இருந்திருப்பார்.

கம்ப்யூட்டரைத் திறந்தாலே ஓர் அறிவிப்பு வேறு. இந்த விண்டோஸுக்கு இந்த மாதத்தோடு அப்டேட் நின்றுவிடுமாம், புதியதற்கு மாறு என்கிறது. பார்க்கப் போனால் மங்கலும் அறிவிப்பும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வந்தன. சிஸ்டத்துக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

அக்டோபர் 7, செவ்வாய்

ஸ்டூடியோவிலிருந்து ஸ்டீபன் போன். நான் தமிழ் வசனம் எழுதும் இந்தி சீரியலின் டப்பிங் டைரக்டர், என்னைவிட ரொம்பச் சின்னவன். மழை, டிராஃபிக் எல்லாம் பேசிவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வந்தான். "அக்கா, அந்த மாமியார் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறாங்க. நம்ம டயலாக் 'சும்மா சும்மா'ன்னு போகுது." ஒன்றிரண்டு இடமில்லையாம், எபிசோட் முழுக்க இருக்கிறதாம்.

என் பெண் நித்திலா தன் சிநேகிதிகளிடம் அம்மா டிரான்ஸ்லேட்டர் என்று சொல்லி வைத்திருக்கிறாள். மொழிபெயர்க்கிறவருக்கு அர்த்தம் தெரிந்தால் போதும், எனக்கு உதடு தெரிய வேண்டும். ப-வும் ம-வும் உதட்டை மூடாமல் வராது. இந்தியில் பேசுகிறவள் எங்கே உதட்டை மூடுகிறாளோ அங்கே என் தமிழிலும் ஒரு ப-வோ ம-வோ விழுந்தாக வேண்டும். அவள் வாயைத் திறக்கும்போது விழவே கூடாது. இத்தனை வருடத்தில் வசுமதி எழுதினால் லிப் பார்க்க வேண்டியதில்லை என்றுதான் பேர்.

வீடியோ விட்டுவிட்டு வருகிறது ஸ்டீபன், சிஸ்டத்தை மாற்றப் போகிறேன், அப்புறம் சரியாகிவிடும் என்றேன். சொன்ன பிறகு அதுதான் காரணம் என்று எனக்கே உறுதியாகிவிட்டது.

அக்டோபர் 9, வியாழன்

இந்த டைரியில் கோடுகூட நேராக அச்சடிக்கவில்லை. மளிகைக் கடையில் இலவசமாகக் கொடுத்தது வேறு எப்படி இருக்கும்.

அக்டோபர் 14, செவ்வாய்

விண்டோஸுக்கு இன்று கடைசி நாள். ஒன்றும் நடக்கவில்லை. எப்போதும் போலத் திறந்தது, எப்போதும் போல நடுவில் மங்கல்.

மெயின் ரோட்டுக் கடையில் போய் விசாரித்தேன். உள்ளே ஏதோ ஒரு சிப் இல்லாததால் புது விண்டோஸ் என் பெட்டியில் ஏறாதாம், பெட்டியையே மாற்ற வேண்டுமாம். புதுப் பெட்டி ஒன்றைப் போட்டுக் காட்டினான் கடைக்காரன். பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் எழுத்து இன்னும் மோசம், அங்கங்கே யாரோ விரலால் அழித்த மாதிரி. விவரங்கள் அச்சடித்த தாளைக் கையில் கொடுத்தான். கடையில் வெளிச்சம் போதவில்லை, மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

திரும்பும்போது வேறு பஸ்ஸில் ஏறிவிட்டேன். இப்போதெல்லாம் நம்பரை என்னமாய் எழுதுகிறார்கள்.

அக்டோபர் 16, வியாழன்

மேல்மாடி பரக்கத்துல்லா பாய் வந்தார். வங்கியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த அபார்ட்மென்ட்டில் யாருடைய கம்ப்யூட்டர் தும்மினாலும் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுவிடலாமா என்று வந்து நிற்பார். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்கூட அத்தனை விடாப்பிடியாக இருக்க மாட்டார்.

பென் டிரைவைச் செருகி, உள்ளே ஏற்றாமலேயே லினக்ஸை ஓட்டிக் காட்டினார். காசு கிடையாது, பழைய பெட்டியிலும் பறக்கும், தமிழ் எழுத்து கூடவே வரும். காலையில் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மதியத்துக்குள் பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தும் பட்டை கோணலாகத் தெரிய ஆரம்பித்தது. மறுபடி அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, நேராகத்தானே இருக்கிறது சிஸ்டர் என்றார். பெற்ற பிள்ளையைக் குறை சொன்னால் யார்தான் ஒத்துக்கொள்வார்கள்.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளிக்கு நித்திலா புனேயிலிருந்து வந்து இன்று கிளம்பிவிட்டாள். தன் பழைய மேக் லேப்டாப்பை எனக்கென்று வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இதில் பழகிவிட்டால் வேறு எதையும் தொட மாட்டாய் என்றாள். விண்டோஸ் என்றால் அவளுக்குக் கிண்டல், லினக்ஸ் என்றால் சிரிப்பு.

சுகர் பார்த்தாயா என்று கேட்டாள். எல்லையில்தான் இருக்கிறது என்றேன். எந்த எல்லை என்று அவள் கேட்கவில்லை. வருடா வருடம் கண்ணையும் காட்டச் சொல்லியிருந்தார்களே என்றாள். கண்ணாடி மாற்றி இரண்டு வருடம்கூட ஆகவில்லை, சும்மா எதற்கு ஆஸ்பத்திரிப் பக்கம் போக வேண்டும்.

அதிரசம் தின்னவில்லை. உடைந்த துண்டுகளை மட்டும்தான் எடுத்தேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

மேக்கில் காப்பி எடுக்கிற பட்டன் இடம் மாறி இருக்கிறது. தமிழ் அடித்தால் கொம்பும் காலும் எங்கேயோ போய் ஒட்டுகின்றன. அதையெல்லாம் பழகிக்கொள்ளலாம். ஆனால் மாமியாரின் வாய் இருக்கும் இடத்தில் மட்டும் படம் கலங்குகிறதே, அதற்கு என்ன செய்வது. அவள் காதுத் தோடு பளிச்சென்று தெரிகிறது. புடவை ஓரம் தெரிகிறது. வாயைப் பார்த்தால் வாய் இல்லை. தோட்டைப் பார்த்தால் தோடு இல்லை, வாய் ஓரளவு இருக்கிறது.

காலையில் மேக், மதியம் லினக்ஸ், சாயங்காலம் விண்டோஸ் என்று ஓடுகிறது. எழுதிய ஃபைல் எதில் இருக்கிறது என்று தேடவே பாதி நேரம் போகிறது. ஒரு நாற்காலியில் உட்காரப் பிடிக்கவில்லை. மூன்று அடுப்பில் ஒரு சாம்பாரா என்று இவர் கேட்டார்.

நவம்பர் 2, ஞாயிறு

கீழே கேட் கம்பிகள் நடுவில் நெளிந்திருக்கின்றன. யாரோ காரை இடித்துவிட்டுக் கமுக்கமாக இருக்கிறார்கள். அசோசியேஷன் குரூப்பில் போட்டேன். செகரட்டரி போய்ப் பார்த்துவிட்டு, கேட் நன்றாக இருக்கிறது மேடம் என்று போட்டோவே எடுத்துப் போட்டுவிட்டார். போட்டோவிலும் நெளிந்துதான் இருந்தது. மேற்கொண்டு எழுதப் போனேன், இவர் போனை வாங்கி வைத்துவிட்டார்.

சாதத்தில் கல் என்று இவர் சொன்னார். அரிசி சரியில்லை. நாளையிலிருந்து தானே களைந்து வைப்பதாகச் சொல்கிறார். செய்யட்டும், ரிட்டயர் ஆகி வேறு என்ன வேலை.

நவம்பர் 8, சனி

ஸ்டீபன் நேரில் வரச் சொன்னான். ஸ்டூடியோவில் பெரிய ஸ்கிரீனில் ஒரு எபிசோட் ஓட்டி, நிறுத்தி நிறுத்திக் காட்டினான். இங்க பாருங்கக்கா, இங்க பாருங்கக்கா என்றான். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். காதுக்கு என் வசனம் குறையில்லாமல்தான் இருந்தது.

புதிதாக ஒரு ரைட்டர் வந்திருக்கிறார், கொஞ்ச நாளைக்கு அவரிடம் கொடுக்கட்டுமா என்று இழுத்தான். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை.

"டிசம்பர் ஒண்ணாந் தேதிலேருந்து ஒரு லிப் தப்பட்டும், நீ சொல்லவே வேணாம். நானே குடுத்துட்டுப் போறேன்" என்றேன்.

அதற்குள் சிஸ்டம் முடிவாக வேண்டும். இந்தத் தொழிலில் லிப் போயிற்று என்ற பேச்சு கிளம்பிவிட்டால் அப்புறம் ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள். எழுதாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் வசுமதி எப்படி இருப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். அவளைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

நவம்பர் 15, சனி

பாயிடம் நேற்றே சொல்லியிருந்தேன், இன்று ஒன்றை முடிவு செய்கிறோம் என்று. அவர் தன் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்தார். சாப்பாட்டு மேஜையில் என் விண்டோஸ், அவருடைய லினக்ஸ், நித்திலாவின் மேக் மூன்றையும் வரிசையாக வைத்தார். சீரியலை ஓட்டிக் காட்டுவார் என்று நினைத்தேன். அவரோ மூன்றிலும் கணக்குப் போடுகிற ஷீட்டைத் திறந்தார். எழுத்து ஒன்றுமில்லை, வெறும் கட்டம் கட்டமாகக் கோடுகள்.

எதில் கோடு நேராக இருக்கிறது என்று சொல்லுங்கள், அதையே வைத்துக்கொள்ளலாம் என்றார்.

விண்டோஸில் நடுக்கோடு உள்பக்கம் வளைந்திருந்தது. சொன்னேன். லினக்ஸிலும் அப்படியே. மேக்கிலும் நடுவில் ஒரு கட்டம் பிதுங்கி, பக்கத்துக் கட்டம் சப்பிப்போய் இருந்தது. மூன்றையும் மறுபடி ஒரு சுற்றுப் பார்த்தேன். நான் எந்தக் கோட்டைப் பார்த்தாலும் பார்த்த கோடுதான் வளைந்தது. இவர் சமையல் கட்டு வாசலில் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார், உள்ளே வரவில்லை.

பாய் என் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மூணு சிஸ்டத்துலயும் ஒரே எடத்துல வளையுதுன்னா, வளையறது சிஸ்டம் இல்லம்மா."

எப்போதும் சிஸ்டர் என்பவர் இன்று அம்மா என்றார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. கரண்ட் சரியில்லை, வோல்டேஜ் ஏறி இறங்குகிறது, அதனால்தான் என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டேன். அவருக்கு ஒரு டீகூடக் கொடுக்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

மழை. துணி காயவில்லை.

நவம்பர் 17, திங்கள்

குளியலறையில் டைல்ஸ் கோடு. வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பார்த்தேன், கோடு நடுவில் அறுந்து, அந்த இடத்தில் சாம்பல் நிறமாக ஒன்று நின்றது. இடது கண்ணை மூடினேன், லேசாக வளைந்தது. அந்தச் சுவரில் எந்த சிஸ்டமும் ஓடவில்லை.

தண்ணீரைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றேன். பயமாக இருந்தது. இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. இரண்டு மாதமாகப் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறேன், கம்ப்யூட்டரைத் திட்டினால் அது தெரியாமல் இருந்தது.

வெளியே வந்து இவரிடம், நாளை மறுநாள் ஓர் இடத்துக்குப் போக வேண்டும், கூட வாருங்கள் என்றேன். கண் ஆஸ்பத்திரிக்கா என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"டீய நீ கிளாஸுக்கு வெளிய ஊத்த ஆரம்பிச்சப்பவே தெரியும், வசு" என்றார். "சொன்னா நீ எரிஞ்சு விழுவ. அதான் பாய்கிட்ட பேசிட்டு வந்தேன்."

தெரிந்துகொண்டே இத்தனை நாள் அரிசி களைந்திருக்கிறார். எரிந்து விழத்தான் செய்தேன்.

நவம்பர் 20, வியாழன்

நேற்று கண்ணில் சொட்டு மருந்து விட்டதில் ஒன்றும் எழுத முடியவில்லை. டாக்டர் நித்திலா வயதுப் பெண். விழித்திரையின் நடுவில் நீர் கோத்திருக்கிறது, சுகர் செய்த வேலை, இடது கண்ணில் அதிகம், வலதில் ஆரம்பம் என்றாள். கண்ணுக்குள் ஊசி போட வேண்டும். ஒன்றோடு முடியாது, மாதா மாதம் பார்த்துப் பார்த்துப் போட வேண்டும். பழையபடி ஆகிவிடுமா என்று இவர் கேட்டார். வலது கண்ணைக் காப்பாற்றிவிடலாம் என்றாள். இடது கண்ணைப் பற்றி, பார்க்கலாம் என்றாள். முன்னாலேயே வந்திருக்கலாமே என்று மட்டும் அவள் கேட்கவில்லை. அதற்காக அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

ஆட்டோவில் வரும்போது இவர் வழியெல்லாம் மெட்ரோ வேலை எப்போது முடியும் என்று டிரைவரோடு பேசிக்கொண்டு வந்தார். என் கையை விடவில்லை.

நவம்பர் 24, திங்கள்

முதல் ஊசி. வலிக்கவில்லை. கண்ணுக்கு நேரே ஊசி வருமென்று நினைத்துத்தான் பாதி உயிர் போயிற்று, அது ஓரமாக வந்தது.

நவம்பர் 27, வியாழன்

ஸ்டீபனுக்குப் போன் செய்தேன். சிஸ்டம் எல்லாம் ஒன்றுமில்லை, என் கண்தான் என்று சொல்லிவிட்டேன். லைன் போய்விட்டதோ என்று ஹலோ என்றேன். இருக்கேன்கா என்றான்.

சீரியலைப் புது ரைட்டரிடம் கொடு என்றேன். அதைச் சொல்ல எத்தனை தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேனோ, வாயில் வந்தபோது அழுகைதான் வந்தது. ஒன்றாம் தேதி எபிசோடை மட்டும் என்னிடமே விட்டுவை, சொன்ன வாக்கு அது என்றேன். எப்படி எழுதுவீர்கள் என்று அவன் கேட்கவில்லை. எனக்கும் தெரியாது.

நவம்பர் 29, சனி

புயல் மழை என்று ஊரே வீட்டுக்குள் இருக்கிறது. ஒருவழியாகச் சிஸ்டம் முடிவாகிவிட்டது. லினக்ஸ். அது உசத்தி என்பதற்காக இல்லை. மேக்கில் கோளாறு வந்தால் புனேவுக்குப் போன் போட வேண்டும், விண்டோஸ் என்றால் மழையில் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். லினக்ஸில் கோளாறு வந்தால் விளக்குமாற்றுக் கட்டையால் உத்திரத்தைத் தட்டினால் போதும், பாய் இறங்கி வந்துவிடுவார். வீட்டுக்கு எது நல்லது என்று கேட்டால் இனிமேல் எல்லாருக்கும் இதைத்தான் சொல்லுவேன்.

பாய் எழுத்தைப் பெரிதாக்கி, கறுப்பில் மஞ்சளாக வைத்துக் கொடுத்தார். அன்றைக்குச் சேர்த்து இரண்டு டீ கொடுத்தேன். இரண்டையும் குடித்தார்.

படத்தை ஓட்டுவதும் நிறுத்துவதும் இவருக்குக் கற்றுக்கொடுத்தாயிற்று. இவர் இதுவரை ஒரு சீரியல் முழுதாகப் பார்த்ததில்லை. அழுகாச்சி என்று சொல்லி நியூஸுக்கு மாற்றுகிறவர். இப்போது ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த மாமியாரின் வாயையே பார்க்கிறார். குடிநீர் வாரிய பம்பிங் ஸ்டேஷனில் போன் எடுத்து வால்வு நிலவரம் சொல்லிக்கொண்டிருந்த குரலிலேயே, "மூடுது. தெறக்குது. தெறந்தே இருக்கு. மூடுது" என்கிறார். நான் இந்தியைக் காதால் கேட்டு, இவர் மூடுது என்கிற இடத்துக்குத் தமிழைத் தேடுகிறேன். முதல் நாள் சிரிப்பும் சண்டையுமாகப் போயிற்று. ஈரம் பண்ணிக்கொள்ள உதட்டை மூடியதையெல்லாம் வசனத்தில் சேர்த்துவிட்டார்.

டிசம்பர் 1, திங்கள்

எபிசோடை அனுப்பிவிட்டோம். மாத்திரை போட்டாயிற்று.

டிசம்பர் 3, புதன்

ஸ்டீபன் போன். ஓர் இடத்தில் மட்டும் லிப் தப்பியிருக்கிறது. ஒன்று தப்பினாலும் கொடுத்துவிடுகிறேன் என்றேனே, கொடுத்துவிடு என்றேன். "அத விடுக்கா, ஒண்ணு எல்லாருக்கும்தான் தப்பும்" என்றான். வாரத்தில் ஒரு எபிசோட் எனக்கு, மற்றவை புது ரைட்டருக்கு, கண் சரியாகும்வரை இப்படி ஓடட்டும் என்றான். பாதிக்கும் குறைவு. ஆனாலும் போனை வைத்த பிறகு அடுக்களைக்கும் கூடத்துக்கும் இரண்டு தடவை சும்மா நடந்தேன்.

மதியம் அடுத்த எபிசோட். மருமகள் கோர்ட் வாசலில் நிற்கிறாள். அவளைப் பெற்றவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வரி சொல்லுகிறாள். எனக்கு இரண்டு புடவை நிறம் மட்டும் தெரிந்தது. இவர் ஓட்டிப் பார்த்துச் சொன்னார். "எடுத்ததுமே மூடுது. தெறந்து, மறுபடி மூடுது. கடைசில ஒரு தடவ, மெதுவா."

கவலைப்படாதே என்று போட்டால் தொடக்கத்தில் மூடாது. அழாதே கண்ணு என்றால் எங்குமே மூடாது. கொஞ்சம் யோசித்து, 'பயப்படாதம்மா' என்று சொல்லி, படத்தோடு சேர்ந்து நீங்களே ஒரு தடவை சொல்லிப் பாருங்கள் என்றேன். படத்தை ஓட்டினார். ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு, ஏற்ற இறக்கமே இல்லாமல், "பயப்படாதம்மா" என்றார்.

சரியாக உட்காரவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். சொன்னார். கடைசி உதடு முந்திக்கொண்ட மாதிரி இருக்கிறது, மறுபடி என்றேன். முணுமுணுக்காமல் படத்தைப் பின்னால் இழுத்து, மறுபடி சொன்னார். அப்படி எத்தனை தடவை சொல்ல வைத்தேனோ.

முதல் தடவையே அது சரியாக உட்கார்ந்துவிட்டது. அதை நான் இவரிடம் சொல்லவில்லை.